அரசாணை எண் 172-க்கு ஒரு பாராட்டு மடல்

பேரன்பும் பெருமதிப்பும் மிக்க அரசாணை (நிலை) எண் 172 அவர்களுக்கு, கடற்கரைக் குப்பங்களின் சார்பில் வணக்கம்.

2005 மார்ச் 30 அன்று தமிழ்நாடு அரசின் வருவாய்த் துறையின் மடியில் தாங்கள் பிறந்தீர்கள். சுனாமி வந்து போய் அப்போது மூன்று மாதம் ஆகியிருந்தது. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 8,000 பேரைக் கடல் கொண்டுபோயிருந்தது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல். மிச்சமிருந்தவர்கள் தார் அட்டைக் கூரை போட்ட தற்காலிகக் குடியிருப்புகளில் பங்குனி வெயிலில் வெந்துகொண்டிருந்தார்கள். வெயில்கூடப் பெரிதில்லை. அதைவிடப் பொல்லாதது அவர்களைப் பிடித்திருந்த யோசனை. பழைய இடத்துக்கே திரும்புவதா, வேறு இடம் பார்ப்பதா? திரும்பினால் அலை மறுபடி வருமா? திரும்பாவிட்டால் தொழில் என்ன ஆவது? இந்த யோசனைத் தொல்லையிலிருந்து ஒரே கையெழுத்தில் அவர்களை விடுவித்த வள்ளல் தாங்கள். முறைப்படி மேடை போட்டு, பொன்னாடை போர்த்தி, சட்டம் போட்ட மடலை வாசித்துக் கையில் கொடுத்திருக்க வேண்டும். இருபது ஆண்டு தாமதமாகிவிட்டது. பொறுத்தருள்க.

தங்கள் அருமை தெரிய வேண்டுமானால், தாங்கள் வராதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று முதலில் பார்க்க வேண்டும். நாகையின் கீச்சாங்குப்பத்திலோ அக்கரைப்பேட்டையிலோ ஒரு குடும்பம் இப்படியொரு முடிவை எடுக்கிற அழகைப் பார்த்தால் எந்த அதிகாரிக்கும் தலை சுற்றும். ஒரே கூரையின் கீழ் நாலு கட்சி. பிள்ளையை அலைக்குக் கொடுத்த தாய், அந்தத் திசையில் தலைவைத்தும் படுக்க மாட்டேன் என்பாள். மேற்கே போய் வயலில் வலைவீசவா என்பான் புருஷன். மாமியாருக்கு ஊர்க்கோயிலை விட்டு வர மனசு வராது. புதிதாய்க் கல்யாணமான மூத்த மகன் அப்பன் வீட்டை ஒட்டித் தனிக் குடிசை போட்டிருந்தான். அது வீட்டுக் கணக்கில் சேருமா, சேராதா என்பது அவன் கவலை. பத்தாம் வகுப்புப் படிக்கும் பெண்ணுக்குப் பரீட்சை. வலை வாங்கக் கடன் கொடுத்தவரோ, மீன் பழைய கரையில்தான் இறங்க வேண்டும் என்பார்.

வீட்டுக்குள் இவ்வளவும் தீர்ந்தாலும் ஊர்ப் பஞ்சாயத்து இருக்கிறது. போனால் ஊரே போக வேண்டும், இருந்தால் ஊரே இருக்க வேண்டும் என்று பஞ்சாயத்தார் கூடிப் பேசுவார்கள். எதிர்வீட்டுக்காரன் திரும்பினால் நானும் திரும்பலாம் என்று இவன் காத்திருப்பான். இவனைப் பார்த்து அவன் காத்திருப்பான். ஒரு படகில் பங்காளிகளாக இருக்கும் நாலு வீட்டில் இரண்டு வீடு மேற்கே போய்விட்டால், விடியுமுன் படகைத் தள்ள ஆள் இருக்காது. ஆகவே ஒரு வீட்டின் முடிவு என்பது ஒரு வீட்டின் முடிவே அல்ல. பத்து வீட்டின் முடிவு அதில் சிக்கிக் கிடக்கும்.

பயம், பிழைப்பு, கடன், சாமி, பள்ளிக்கூடம், பங்காளி என்று இத்தனையையும் போட்டு நிறுக்கிற பொறுப்பைக் கட்டுமரக்காரர்களிடமா விடுவது? தாங்கள் விடவில்லை. எல்லாவற்றையும் வழித்துத் தள்ளிவிட்டு ஒரே ஒரு கேள்வியை மட்டும் கேட்டீர்கள்: உன் வீட்டுக்கும் உயர் அலைக் கோட்டுக்கும் நடுவில் எத்தனை மீட்டர்?

200 மீட்டருக்குள் இருந்து வீடு சேதமானவர்களுக்குத் தாங்கள் அருளிய சுதந்திரம் பெரிது. அந்தக் கோட்டுக்கு அப்பால் போகச் சம்மதித்தால் ஒன்றரை லட்சம் ரூபாய் மதிப்புள்ள புதிய வீடு, இலவசம். சம்மதமில்லையா? தாராளமாக அங்கேயே இருக்கலாம், இடிந்ததைச் சொந்தச் செலவில் செப்பனிட்டுக்கொள்ளலாம். அரசின் உதவி மட்டும் கிடையாது. எவ்வளவு நாகரிகமான ஏற்பாடு! போலீசு இல்லை, புல்டோசர் இல்லை, ஒருவரையும் கழுத்தைப் பிடித்துத் தள்ளவில்லை. படகு, வலை, எஞ்சின், அண்டா குண்டா, ரேசன் கார்டு எல்லாம் தண்ணீரோடு போய், கட்டிய துணியோடு நின்றவனிடம், இருக்கவும் உனக்கு உரிமை உண்டு, போகவும் உனக்கு உரிமை உண்டு என்று சொன்னீர்கள். இருக்கிற உரிமைக்கு விலை ஒன்றரை லட்சம் என்பதைத்தான் சற்று மறைவாக எழுதியிருந்தீர்கள். பிறகு பலரும் போகச் சம்மதித்தபோது, ‘மக்களின் விருப்பப்படி’ என்று கோப்பில் குறித்துக்கொள்ள முடிந்தது. கட்டாயப்படுத்தாமலே கட்டாயப்படுத்தும் இந்தக் கலையைத் தங்களிடம்தான் பிற மாநிலங்கள் கற்க வேண்டும்.

கேட்ட நேரமும் சாமானியமானதல்ல. ஊரை இழந்தவர்கள் மனசு மாதத்துக்கு ஒரு விதமாக மாறும். அலை ஓசை காதைவிட்டுப் போகாத முதல் மாதங்களில், கடலே வேண்டாம் என்று கும்பிடுவார்கள். ஒரு வருசம் போனால், மீன் படுகிற காலத்தில் கால்கள் தாமாகக் கிழக்கே திரும்பும். பிள்ளைகள் வளர்ந்து, கடன் தலைக்கு மேல் போனபின் கணக்கு இன்னொரு விதமாக வரும். திரும்புவதா, வேண்டாமா என்பது ஒரு நாளில் எடுக்கிற முடிவல்ல. ஆறேழு வருசம் எடுத்து எடுத்துக் கலைக்கிற முடிவு. தாங்கள் அந்த இழுபறிக்கெல்லாம் இடம் வைக்கவில்லை. பயம் பச்சையாக இருக்கும்போதே கேட்டு, பதிலைப் பத்திரத்தில் எழுதி வாங்கிவிட்டீர்கள். பயம் தெளிந்து வயிறு பேசத் தொடங்கியபோது, அந்தப் பத்திரம் தாலுகா அலுவலகத்தில் பத்திரமாக இருந்தது.

பத்திரம் என்றதும் தங்கள் இன்னொரு பெருமை நினைவுக்கு வருகிறது. புது வீட்டை வாங்கிக்கொள்கிறவர் பழைய வீட்டையும் மனையையும் அரசுக்கு விட்டுக்கொடுத்து எழுதித் தர வேண்டும் என்று விதித்தீர்கள். கொடுத்ததற்குப் பதில் வாங்கிக்கொள்வதுதானே நியாயம். தாத்தன் காலத்திலிருந்து குடியிருந்த மணல், பட்டா இல்லாவிட்டாலும் ஊரே ஒத்துக்கொண்ட மனை, ஓர் எழுத்தில் பொது உபயோகத்துக்கு உரிய நிலமானது. வலை காயப்போட்டதும், கருவாடு உலர்த்தியதும், ஏலம் போட்டதும், பிள்ளைகள் பந்தாடியதும் அதுவரை என்ன உபயோகம் என்று நமக்குத் தெரியாமல் போயிற்று. பொது உபயோகம் இல்லை என்பது மட்டும் தங்களால் தெளிவாயிற்று.

தங்கள் நிழலில் கட்டடம் கட்ட வந்த புண்ணியவான்களையும் சேர்த்தே வாழ்த்த வேண்டும். நாகை மாவட்டத்தில் சில ஊர்களில், அலைக்குத் தப்பி அசையாமல் நின்ற வீடுகளும் புது வீடு கிடைப்பதற்காக இடித்துத் தள்ளப்பட்டன. மனையைச் சமப்படுத்தத் தென்னையும் வேம்பும் பூவரசும் வெட்டுண்டன. சுனாமி அன்று பலர் தென்னையைக் கட்டிப்பிடித்து உயிர் தப்பினார்கள் என்பது உண்மைதான். அடுத்த முறை கட்டிப்பிடிக்கக் கான்கிரீட் தூண் இருக்கிறது அல்லவா! அலையால் முடியாமல் போன வேலையை ஒப்பந்ததாரர் முடித்துக் கொடுத்தார்.

இனித் தங்கள் குலப்பெருமை. அந்த 200 மீட்டர் எங்கிருந்து வந்தது என்று விவரமறியாதவர்கள் கேட்கிறார்கள். அறிஞர்கள் அலையின் ஓட்டத்தை அளந்து, எதுவரை ஆபத்து என்று கண்டறிந்து போட்ட கோடு என்று அவர்கள் நம்புகிறார்கள். பாவம். சுனாமித் தண்ணீர் பல இடங்களில் 200 மீட்டரை வெகுதூரம் தாண்டி ஊருக்குள் போனது. தங்கள் கோடோ சுனாமிக்குப் பதின்மூன்று ஆண்டு மூத்தது. 1991-இல் மத்திய அரசின் சுற்றுச்சூழல் அமைச்சகம் வெளியிட்ட கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை அதைப் பெற்றெடுத்தது. கடற்கரையைக் கண்டபடி கட்டடங்கள் தின்றுவிடாமல் காக்கப் போட்ட கோடு அது. ஓட்டல்களையும் தொழிற்சாலைகளையும் மனசில் வைத்துப் போட்ட கோட்டை, குடிசைகளை அப்புறப்படுத்தவும் பயன்படுத்தலாம் என்று கண்டுபிடித்த நுண்ணறிவு தங்களுடையது.

தந்தை அப்படி என்றால், பின்னால் பிறந்த தம்பிகள் இன்னும் கெட்டிக்காரர்கள். 2011-இல் வந்த அறிவிக்கை, கடலோரப் பாரம்பரியக் குடிகள் 100 மீட்டருக்கு அப்பால் வீடு கட்டிக்கொள்ளலாம் என்றது. 2019-இல் வந்த கடைக்குட்டி, மக்கள் நெருக்கம் மிகுந்த ஊர்ப்புறக் கடற்கரைகளில் கட்டடம் கூடாத பகுதியை 50 மீட்டராகச் சுருக்கியது. தாங்கள் பிறந்தபோது 200 மீட்டருக்கு நீண்டிருந்த ஆபத்து, பதினான்கே ஆண்டில் 50 மீட்டராக இளைத்துவிட்டது. வங்கக் கடலை இந்த அளவுக்கு அடக்கி வைத்த பெருமை சோழர்களுக்கும் கிடையாது. கடைக்குட்டியின் கருணை அதோடு நிற்கவில்லை. சுற்றுலாப் பயணிகளுக்கான தற்காலிகக் குடில்கள் உயர் அலைக் கோட்டிலிருந்து 10 மீட்டரிலேயே இருக்கலாம் என்றும் அருளியது. மீனவன் 199 மீட்டரில் படுத்தால் உயிருக்கு ஆபத்து. விருந்தினர் 10 மீட்டரில் சாய்ந்திருந்தால் ஓய்வு. ஆளைப் பார்த்து எழும்புகிற அலை இருக்கிறது என்பது தங்கள் குடும்பம் கடல் அறிவியலுக்கு அளித்த கொடை. 2005-இல் மனையை எழுதிக் கொடுத்தவருக்கு, இப்போது ஆபத்தில்லாமல் போன அந்த 150 மீட்டரைத் திருப்பித் தருகிறோம் என்று எந்தத் தம்பியும் சொல்லவில்லை. அண்ணன் வாங்கியதைத் தம்பி கொடுக்கலாகாது என்ற மரியாதையாக இருக்கும்.

புது வீடுகளைப் பற்றிக் குறை சொல்ல நாங்கள் யார்! முன்னூறு சொச்சம் சதுர அடி, கான்கிரீட் கூரை, கணவன் மனைவி இருவர் பேரிலும் உரிமை. அந்த வீடு பலருக்கு வாழ்வில் முதல் கல்வீடு என்பதை மறைக்க மாட்டோம். அந்தக் குடியிருப்புகளுக்கு எத்தனையோ ஊர்களில் ‘சுனாமி குடியிருப்பு’ என்றே பேர் நிலைத்துவிட்டது. அலைக்குப் பத்து வருசம் கழித்துப் பிறந்த பிள்ளையும் பள்ளிக்கூட விண்ணப்பத்தில் முகவரியாக அந்த அலையின் பேரையே எழுதுகிறது. ஊர்ப்பேரை மறந்தாலும் வந்த காரணத்தை மறக்காமலிருக்க எவ்வளவு நல்ல ஏற்பாடு.

வீட்டில் ஒரே குறை, அது மீனவன் வீடாக இல்லை என்பது. கரைவீட்டில் விழிப்புத் தட்டியதும் வாசலுக்கு வந்து காற்றைப் பார்ப்பான். வாடையா, கச்சானா, நீரோட்டம் எந்தப் பக்கம் என்று நின்ற இடத்தில் தெரிந்துகொண்டு தொழிலுக்குப் போவதா, வேண்டாமா என்று முடிவு செய்வான். மேற்கே வந்தபின் அதை அறிய விடியுமுன் ஒன்றிரண்டு கிலோமீட்டர் நடக்க வேண்டும். எஞ்சினைக் கழற்றி வீட்டுக்குத் தூக்கிவர முடியாது. கரையில் விட்டால் காவலுக்கு ஒருவன் படுக்க வேண்டும். வலை பின்னத் திண்ணை இல்லை, கருவாடு காய மணல் இல்லை. கூடைக்காரப் பெண்கள் படகு கரையேறும் நேரம் பார்த்து ஓடிவர வேண்டும். ஒரு நிமிடம் தவறினால் நல்ல மீன் பெரிய வியாபாரிக்குப் போய்விடும். நடைப்பயிற்சிக்காக மருத்துவர்களிடம் பணம் கட்டும் காலத்தில், மொத்தச் சமூகத்துக்கும் அதை இலவசமாக வழங்கினீர்கள்.

சென்னையில் நடந்ததைச் சொல்லாவிட்டால் இந்த மடல் நிறைவு பெறாது. அங்கே தனி வீடும் இல்லை, மனையும் இல்லை. தங்கள் உறவினரான குடிசை மாற்று வாரியம் பொறுப்பேற்றுக்கொண்டது. தாங்கள் பெயருக்காவது ‘விருப்பம்’ என்று ஒரு சொல்லை வைத்திருந்தீர்கள். வாரியம் அந்த ஆடம்பரத்தையும் தவிர்த்தது. வடசென்னையில் சுனாமிக்கு வீடிழந்தவர்கள் திருவொற்றியூர் கார்கில் நகரின் தற்காலிகக் குடியிருப்பில் மழைத் தண்ணீரில் நின்றார்கள். அவர்களில் பலரும் பட்டினப்பாக்கம் சீனிவாசபுரத்துக்காரர்களும் நகரத்தின் தென்கோடிச் செம்மஞ்சேரிக்கு ஏற்றி அனுப்பப்பட்டார்கள். திருவொற்றியூரிலிருந்து செம்மஞ்சேரி முப்பது கிலோமீட்டருக்கும் மேல். கடலிலிருந்து காப்பது என்று முடிவெடுத்தால் அரைகுறையாகக் காக்கலாமா? கடல் மட்டுமல்ல, துறைமுகக் கூலிவேலை, மீன் மார்க்கெட், வீட்டுவேலை செய்த தெரு, கடன் கொடுக்கும் மளிகைக் கடை, பிரசவம் பார்த்த ஆஸ்பத்திரி எல்லாவற்றிலிருந்தும் ஒரே நாளில் காப்பாற்றினார்கள்.

செம்மஞ்சேரி எப்படிப்பட்ட இடம்? அதையும் பக்கத்துப் பெரும்பாக்கத்தையும் சுற்றிலும் ஏரிகளும் சதுப்புநிலமும். 2022-இல் உலக அளவிலான ராம்சர் பட்டியலில் ஏறிய பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் அருகில்தான். மழை நீர் வந்து தங்கவென்றே இயற்கை ஒதுக்கிய தாழ்ந்த பகுதி. 2015, 2020, 2023 என்று ஒவ்வொரு பெருமழையிலும் செம்மஞ்சேரிக்குள் தண்ணீர் வந்தது. கடல் தண்ணீருக்குத் தப்பியவர்களை மழைத் தண்ணீரில் பத்திரமாகச் சேர்த்தார்கள். உப்புத் தண்ணீர் உடம்புக்கு ஆகாது என்று யாரோ சொல்லியிருப்பார்கள்.

2015 டிசம்பரில் அடையாறு பெருகியபோது இந்த அருள் இன்னும் பரவியது. வெள்ளம் வடிந்த கையோடு, ஆற்றங்கரைக் குடிசைக்காரர்களைப் பெரும்பாக்கத்துக்கும் எழில் நகருக்கும் அனுப்பும் வேலை சூடுபிடித்தது. பெரும்பாக்கத்தில் எட்டு அடுக்குக் கட்டடங்கள், 20,000-க்கும் மேற்பட்ட வீடுகள், லிஃப்ட் உண்டு. அது ஓடும் நாட்களும் உண்டு. பள்ளி ஆண்டின் நடுவில் பெயர்க்கப்பட்ட பிள்ளைகளுக்குப் பரீட்சைத் தொல்லை குறைந்தது. ஆற்றங்கரையில் இருப்பது ஆபத்து, ஆகவே அகற்றினோம் என்று அரசு சொன்ன காரணத்தை யாரும் மறுக்க முடியாது. அதே அடையாற்றின் மேல்தான் சென்னை விமான நிலையத்தின் இரண்டாம் ஓடுபாதை பாலம்போல் போகிறது. அந்த வெள்ளத்தில் விமான நிலையமும் மூழ்கிச் சில நாள் மூடிக் கிடந்தது. ஆனால் அதற்குப் பெரும்பாக்கத்தில் ஒதுக்கீடு ஆனதாகத் தெரியவில்லை. டோக்கன் வாங்கும் வரிசையில் அது நிற்கத் தவறியிருக்கும்.

இவ்வளவு செய்தும் நன்றிகெட்ட சிலர் திரும்பிப் போனார்கள். வாரியத்தின் இன்னொரு குடியிருப்பான கண்ணகி நகரிலும் செம்மஞ்சேரியிலும் ஒதுக்கிய வீட்டைப் பூட்டிவிட்டு, அல்லது உள்வாடகைக்கு விட்டுவிட்டு, பழைய பேட்டைக்குப் பக்கத்திலேயே சந்துக்குள் வாடகைக்குப் போனார்கள். சிலர் அந்தக் கரையிலேயே மறுபடி தார்ப்பாய் கட்டினார்கள். ‘இலவசமாக வீடு கொடுத்தும் குடிசைக்கே போகிறார்கள் பாருங்கள்’ என்று அதிகாரிகளும் நாளிதழ் வாசகர்களும் தலையில் அடித்துக்கொண்டது நியாயமே. வீடு கொடுத்தாயிற்று, அதற்கு மேல் மனிதனுக்கு என்ன வேண்டும்?

அந்த நன்றிகெட்டவர்களின் கணக்கைக் கொஞ்சம் எட்டிப் பார்த்தோம். வீட்டுவேலைக்குப் போகும் பெண்ணுக்கு மயிலாப்பூரில் மூன்று வீடு இருந்தது. செம்மஞ்சேரியிலிருந்து போய்வரும் நேரத்தில் ஒரு வீடுதான் தாங்கும். மாதச் சம்பளத்தில் பஸ் ஒரு பங்கு கேட்டது. விடியுமுன் படகு ஏற வேண்டியவனுக்கு அந்நேரத்தில் பஸ்ஸே கிடையாது. அவன் கரையில் படகோரமே தூங்கி, ஞாயிற்றுக்கிழமை மட்டும் குடும்பத்தைப் பார்க்கிறான். கிழவி கரைக் குடிசையை விட்டு வரவில்லை; பள்ளிக்குப் போகும் பேத்தியை அவளிடமே விட்டிருக்கிறார்கள். ஆகவே ஒரு குடும்பம் மூன்றாகி, மூன்று அடுப்பு எரிகிறது. மூன்று அடுப்புக்கு விறகு போட முடியாத ஒரு நாளில், ஒதுக்கீட்டு ஆணையைப் பீரோவில் வைத்துவிட்டு அவர்கள் திரும்பிப் போகிறார்கள். இதைக் கூட்டல் கழித்தல் தெரிந்த எவரும் புரிந்துகொள்ளலாம். அதனால்தான் இந்தக் கணக்கைக் கேட்கும் பத்தி எந்தப் படிவத்திலும் வைக்கப்படவில்லை போலும். எத்தனை வீடு கட்டினோம், எத்தனை சாவி கொடுத்தோம் என்று இரண்டு பத்தி இருக்கிறது. அவை எப்போதும் நிறைந்திருக்கின்றன. திரும்பிப் போனவர் ஏன் போனார் என்று மூன்றாவது பத்தி போட்டால் தாள் வீண்.

திரும்பிப் போனவரை வாரியமும் சும்மா விடவில்லை. வீடுவீடாகச் சோதித்து, ஒதுக்கீடு பெற்றவர் குடியில்லை என்று குறித்து, ரத்து செய்வோம் என்று எச்சரித்தது. இங்கே இருந்தால் பிழைப்பு போகும், அங்கே போனால் வீடு போகும். இரண்டு பக்கமும் சமமாக இழக்க வைப்பதைத்தானே சமூகநீதி என்கிறோம்! 2021-இல் வாரியம் தன் பேரையும் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாற்றிக்கொண்டது. இருபது ஆண்டுக் கதையில் உள்ளவர்களிலேயே இருந்த இடத்தில் இருந்தபடி மேம்பட்டது அது ஒன்றுதான்.

குறையே சொல்வதாகத் தாங்கள் நினைக்கலாகாது. கடலைப் பார்த்தால் நெஞ்சடைத்த தாய்மார்கள் இருந்தார்கள். அவர்களுக்கு மேற்கே ஒரு வீடு மருந்தாகவே இருந்தது. அவர்கள் தங்களை இன்றும் வாழ்த்துவார்கள். ஆனால் அவர்கள், கடலோரத்தில் தங்குகிறவனுக்கும் அதே ஒன்றரை லட்சம் உண்டு என்று சொல்லியிருந்தாலும் மேற்கேதான் வந்திருப்பார்கள். உண்மையாகவே போக விரும்பியவருக்குத் தங்கள் நிபந்தனை தேவைப்படவில்லை. அது தேவைப்பட்டது போக விரும்பாதவருக்குத்தான். எனவே தாங்கள் தந்தது தேர்வு என்று இனிமேல் யாரும் சொல்லி, தங்கள் திறமையைக் குறைத்து மதிப்பிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம்.

அடுத்த புயலுக்கும், அடுத்த வெள்ளத்துக்கும், கடல் அரிப்புக்கும் தங்கள் வாரிசுகள் பிறக்கத்தான் போகிறார்கள். அவர்களுக்கு நாங்கள் வைக்கும் விண்ணப்பம் சிறியது. இருப்பவருக்கும் போகிறவருக்கும் ஒரே தொகையைக் கொடுங்கள். பழைய மனையை எழுதி வாங்காதீர்கள். வாங்கியே ஆக வேண்டுமென்றால், குறைந்தது ஐந்து வருசம் கழித்து வாங்குங்கள். கோடு சுருங்கினால் நிலத்தையும் திருப்பிக் கொடுங்கள். பாதுகாப்பு என்று ஒரு கோடு போட்டால் அது குடிசைக்கும் சொகுசு விடுதிக்கும் ஒன்றாக இருக்கட்டும். முதலில் வேலைக்குப் போகும் வழியையும் பள்ளிக்கூடத்தையும் காட்டுங்கள், வீட்டைப் பிறகு காட்டலாம். இதையெல்லாம் செய்தபின் அந்தக் குடும்பங்களிடம் போகிறீர்களா, இருக்கிறீர்களா என்று கேளுங்கள். அன்று அவர்கள் சொல்வதுதான் அவர்களுடைய முடிவு. அதுவரை நடந்தவை எல்லாம் அரசின் முடிவுகள்.